மறுபடியும் தொட்டார்!

தியானப் பகுதி: மாற்கு 8:22-25



 

மேலே குறித்திருக்கிற வேதபகுதியை முதலாவது நிதானமாய் வாசித்துவிட்டு வாருங்கள். வாசித்தீர்களா? பெத்சாயிதா ஊரில் ஒரு குருடன். அவனை ஆண்டவரிடத்தில் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆண்டவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திக்கொண்டு போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். தெரிகிறது. ஆனால் எப்படித் தெரிகிறது? ஆட்கள் நடமாடுகிறார்கள், பார்த்தால் மரம் மாதிரி இருக்கிறார்கள் என்கிறான். ஆண்டவர் மறுபடியும் அவன் கண்களில் கை வைக்கிறார். அப்புறம்தான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கட்டமாய் நடந்த சொஸ்தம் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான். மாற்கு மாத்திரமே இதை எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். எதிரே நடந்துபோன மனுஷரிடத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் மரமாய் மாறிவிடவில்லை. கோளாறு பார்வையில் இருந்தது. ஆண்டவர் அந்த ஆட்களைப் பிடித்து நிறுத்தி ஒழுங்குபடுத்தவில்லை, பார்வையைத் தொட்டார். இந்த மாதத்துச் செய்தி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டவர்கள்

பிரியமானவர்களே, தன் முகத்தைத் தானே மரம்போலக் காண்கிற வியாதி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைப் 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்கிறார்கள். மூக்கு கோணல், தாடை சிறிசு, தோலில் பள்ளம், தலையில் முடி கொட்டிவிட்டது என்று ஏதோ ஒரு குறை அவர்கள் கண்ணுக்கு மலைபோலத் தெரியும். பக்கத்தில் நிற்கிற நமக்கோ அந்தக் குறை தெரியவே தெரியாது, அல்லது சொன்னால்தான் லேசாய்த் தெரியும். பொய் சொல்லுகிறார்களா? இல்லை. நடிக்கிறார்களா? இல்லவே இல்லை. அவர்களுக்கு அது அப்படித்தான் தெரிகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் முகப்பருவுக்கு மருந்து போடுகிற பெண் பிள்ளைகள் எல்லாரும் இந்த வியாதிக்காரர் என்று நினைத்துவிடாதிருங்கள். கண்ணாடி பார்ப்பது பாவமுமல்ல, வியாதியுமல்ல. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக அதே நினைவு. அதனால் படிப்பு நிற்கிறது, வேலை நிற்கிறது, வெளியே போவது நிற்கிறது. அப்படியானால்தான் மருத்துவர்கள் இந்த வியாதியோ என்று விசாரிக்கிறார்கள். பாடுபடுகிறவர்களில் அநேகருக்கு ஒரு நாளில் மூன்று மணி முதல் எட்டு மணி நேரம் வரைக்கும் இதிலேயே போய்விடுகிறது. கண்ணாடி பார்ப்பது, கையால் தடவிப் பார்ப்பது, முடியை இழுத்து மறைப்பது, தோலைக் கிள்ளுவது, அடுத்தவர் முகத்தோடு ஒப்பிடுவது, 'நல்லாத்தான் இருக்கேனா?' என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. சிலர் நேர்மாறு, வீட்டிலுள்ள கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து வாலிபப் பிராயத்துக்குள் இது ஆரம்பிக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாத்திரம் வருகிறதென்றும் எண்ணாதிருங்கள். ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வருகிறது. ஜிம்முக்குப் போய் உடம்பு பாறை மாதிரி இருந்தும், 'நான் ஒல்லிக்குச்சி' என்று ஒளிந்துகொள்ளுகிற வாலிபர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

இது செல்போன் காலத்து வியாதியுமல்ல. 1891-ம் வருஷத்திலேயே இத்தாலி தேசத்து மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார். ரஷ்யாவிலிருந்து வந்து வியன்னா பட்டணத்தில் வாழ்ந்த செர்கேய் பங்கெயெவ் என்பவரை மனநல உலகத்தார் 'ஓநாய் மனிதர்' என்று அறிவார்கள். புகழ்பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்ட் சிகிச்சை கொடுத்தவர் அவர். 1926-ல் அவர் மூக்கைக் குறித்த விசாரத்தில் விழுந்துபோனார். தோல் மருத்துவர் செய்த சிகிச்சையால் தன் மூக்கு கெட்டுப்போயிற்று என்று நம்பினார். சட்டைப்பையில் சின்னக் கண்ணாடி, கொஞ்ச நேரத்துக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பார். தெருவில் போனால் கடை ஜன்னலில் எல்லாம் தன் மூக்கையே தேடுவார். பவுடர் பூசுவார், துடைப்பார், மறுபடியும் பூசுவார். வேலை, குடும்பம் எல்லாம் பின்னுக்குப் போயிற்று. ரூத் மேக் பிரன்ஸ்விக் என்ற பெண் மருத்துவர் அவரைக் கவனித்து 1928-ல் அதை எழுதி வெளியிட்டார். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தின காரியம். இன்றைக்குச் சட்டைப்பையில் கண்ணாடிக்குப் பதிலாகச் செல்போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் செல்போனைக் குறித்தும் ஒரு வார்த்தை. 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: பன்னிரண்டு அங்குல தூரத்தில் பிடித்து எடுக்கிற செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பாகம் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாய்த் தெரியுமாம். உன் மூக்கு பெரிசல்ல தம்பி, உன் கை குட்டை! இது தெரியாமல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் டாக்டரிடத்தில் ஓடுகிறார்கள்.

கத்தி நல்லது, ஆனால்...

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த வியாதிக்காரர் மனநல மருத்துவரிடத்தில் போகிறதில்லை. ஏன் போக வேண்டும்? அவருக்கு மனதில் ஒன்றுமில்லையே, மூக்கில்தானே கோளாறு! ஆகவே பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிற இடத்துக்குப் போகிறார்.

நான் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு விரோதமாய்ப் பிரசங்கிக்கிறவன் அல்ல. அந்தப் பெயரிலேயே ஒரு வேத இரகசியம் இருக்கிறது. 'பிளாஸ்டிக்' என்கிற அந்த வார்த்தை நம் வீட்டு பக்கெட்டைக் குறித்ததல்ல. வனைதல், உருக்கொடுத்தல் என்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ரோமர் 9:20-ல் உருவாக்கப்பட்டது உருவாக்கினவரைக் கேள்வி கேட்கிறதைப் பற்றிப் பவுல் எழுதும்போது, கிரேக்க மூலத்தில் அதே வேரிலிருந்து வருகிற சொற்களைத்தான் உபயோகிக்கிறார். உடைந்ததை மறுபடியும் வனைகிற கைவேலைக்கு வைத்த பெயர் அது.

அந்தக் கைவேலை நம் தேசத்தில் பழையது. திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில் ஆங்கிலேய சேனைக்கு மாடு ஓட்டின கவாஸ்ஜி என்பவரைச் சிறைபிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். பூனாவில் நம் நாட்டுக் கைத்தேர்ச்சிக்காரர் ஒருவர் நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்து ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-ல் இங்கிலாந்தில் அதே முறையில் ஆபரேஷன் செய்தார். நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் ஐயாவை அறியாதவர் யார்? கொல்லிமலையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். அமுங்கிப்போன மூக்கைத் தூக்கி நிறுத்தினார். உதிர்ந்த புருவத்துக்குத் தலைத் தோலிலிருந்து எடுத்து முடி வைத்துக் கொடுத்தார். ஏன்? வியாதி சொஸ்தமானாலும் முகத்தைப் பார்த்தே ஊர் அவர்களைத் துரத்தியது. அந்த முகம் மாறினபோது வேலை கிடைத்தது, வீட்டில் இடம் கிடைத்தது. தீக்காயம் பட்டவர்களுக்கும், உதட்டுப் பிளவோடு பிறக்கிற குழந்தைகளுக்கும் இன்றைக்கும் இந்தக் கத்தி ஆசீர்வாதமாய் இருக்கிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

ஆனால் காயம் முகத்தில் இல்லாமல் பார்வையில் இருந்தால்? கத்தி எங்கே போய் வெட்டும்?

நியூயார்க்கில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அநேகருடைய முகத்தைத் திருத்தினார், அநேகர் சந்தோஷமாய்ப் போனார்கள். ஆனால் சிலர் மாத்திரம், ஆபரேஷன் நன்றாய் முடிந்த பிறகும், 'ஒன்றும் மாறவில்லையே டாக்டர்' என்றார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை வைத்துக் காட்டினாலும் நம்பவில்லை. முகத்துக்குள்ளே இன்னொரு முகம் இருக்கிறது, அதற்கு என் கத்தி எட்டவில்லை என்கிற கருத்தில் 1960-ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

கணக்குகளைக் கேளுங்கள். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வின்படி, பொது ஜனங்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. அழகுக்காக ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களில் நூற்றுக்கு 13 பேர். மூக்கைத் திருத்தக் கேட்டு வருகிறவர்களில் நூற்றுக்கு 20 பேர்! ஐந்து பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஒருவருடைய வியாதி மூக்கில் இல்லை. 2005-ல் அமெரிக்காவில் இந்த வியாதியுள்ள 200 பேரை விசாரித்தார்கள். 71 சதவீதம் பேர் தோல் மருத்துவர், பல் மருத்துவர், சர்ஜன் என்று தேடிப் போயிருந்தார்கள். 64 சதவீதம் பேர் சிகிச்சையும் பெற்றிருந்தார்கள். இந்த வியாதி அதினால் குறைந்ததா? அபூர்வமாய்த்தான். 2002-ல் அந்நாட்டு அழகுச் சிகிச்சை சர்ஜன்களை விசாரித்தபோது 84 சதவீதம் பேர், ஆபரேஷன் செய்தபிறகுதான் இவருக்கு இந்த வியாதி என்று கண்டுகொண்ட அனுபவம் தங்களுக்கு உண்டு என்றார்கள். 40 சதவீதம் பேர், அப்படிப்பட்ட நோயாளி வழக்குப் போடுவேன் என்றோ அடிப்பேன் என்றோ தங்களை மிரட்டினதுண்டு என்றார்கள். மூக்கு சரியானால் அடுத்தது தாடை, தாடை சரியானால் கண் இமை. குறை இடம் மாறுமே தவிர ஆளை விட்டுப் போகாது.

வெட்டுக்கிளிகளைப்போல

இது எப்படி நடக்கிறது? கலிஃபோர்னியாவில் ஜேமி ஃபியூஸ்னர் என்ற மருத்துவரும் அவரோடிருந்தவர்களும் 2007-ல் இவர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு முகத்தைக் காட்டினால் நாம் முதலில் முழு முகத்தையும் பார்க்கிறோம். இவர்கள் மூளையோ துணுக்கு துணுக்காய்ப் பார்க்கிற பாகத்தைத்தான் அதிகமாய் வேலை வாங்குகிறது. வீட்டைப் பார்க்க வந்தவன் சுவரில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு ஒரே செங்கலின் கீறலைப் பார்த்தால், வீடு எப்படித் தெரியும்? இதோடு பரம்பரையாய் வருகிற நாட்டம், சிறு வயதில் பட்ட கேலி என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கிறதாக மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

வேதத்தில் இந்தப் பார்வைக்கு ஒரு படம் இருக்கிறது. எண்ணாகமம் 13-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். கானானை வேவுபார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் திரும்பி வந்து என்ன அறிக்கை கொடுத்தார்கள்? எங்களுக்கு நாங்களே வெட்டுக்கிளிபோலத் தெரிந்தோம், அந்த இராட்சதருக்கும் அப்படியே தெரிந்தோம் என்றார்கள். முதல் பாதி சரி, அது அவர்கள் பார்வை. இரண்டாம் பாதி அவர்களுக்கு எப்படித் தெரியும்? இராட்சதரிடத்தில் போய்க் கேட்டார்களா? யோசுவா 2-ம் அதிகாரத்தில் ராகாப் உண்மையைச் சொல்லிவிட்டாள். செங்கடல் பிளந்த செய்தி கேட்ட நாளிலிருந்தே அந்த தேசத்தார் இஸ்ரவேலை நினைத்துக் கரைந்துபோயிருந்தார்களாம்! இவர்கள் தங்களை வெட்டுக்கிளி என்று எண்ணின காலத்திலேயே, அந்த தேசத்தார் இவர்களை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறான பார்வைக்கு இஸ்ரவேலர் கொடுத்த விலை நாற்பது வருஷம்.

இந்த வியாதிக்காரரும் இப்படித்தான். பஸ்ஸில் யாராவது சிரித்தால், 'என் மூக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.' தெருமுனையில் இரண்டு பேர் பேசினால், 'என்னைப் பற்றித்தான்.'

ஒரு தாயின் கண்ணீர்

ஊரும் பேரும் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பத்தார் சம்மதித்ததினால் இதை எழுதுகிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு சகோதரி நின்றுகொண்டே இருந்தார்கள். எல்லாரும் போனபிறகு அழுகை.

"ஐயா, பையன் காலேஜுக்குப் போய் நாலு மாசமாச்சு. ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறான். மூக்கு ஆபரேஷன் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னான். என் செயினை வித்துப் பண்ணினோம். மூக்கு நல்லாத்தான் வந்திருக்கு. இப்ப தாடை சரியில்லைங்கிறான். வீட்டை அடமானம் வைக்கச் சொல்றான் ஐயா. இல்லாட்டி செத்துருவேன்கிறான்."

அன்று சாயங்காலமே போனேன். கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே விளக்கு இல்லை. வாயையும் தாடையையும் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ஜெபத்துக்கு ஏன் வர்றதில்ல?"

"ஐயா, போன கன்வென்ஷன்ல பிரசங்கத்துல சிரிச்சீங்களே. என்னைப் பார்த்துத்தானே சிரிச்சீங்க?"

மேடையிலிருந்து பார்த்தால் எனக்கு ஐந்தாவது வரிசைக்கு மேல் முகமே தெரியாது. அவன் உட்கார்ந்திருந்ததோ கடைசி வரிசை. நான் அவனோடு தர்க்கம் பண்ணவில்லை. 'நீ அழகாய்த்தான் இருக்கிறாய்' என்றும் சொல்லவில்லை. அதை அவன் அம்மா ஆயிரம் தரம் சொல்லியாயிற்று. "இந்த நினைவு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உன்னைப் பிடிச்சு வைக்குது தம்பி?" என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தூங்குற நேரம் தவிர ஐயா" என்றான். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். தலையை ஆட்டினான். அன்று இரவு அந்த வீட்டில் ஒருவரும் அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் காலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவனோடு நானும் போய் வரிசையில் நின்றேன்.

மாத்திரை வேலை செய்ய மூன்று மாதம் ஆயிற்று. பக்கத்திலேயே மனப்பயிற்சியும் நடந்தது. ஒரே நாளில் துண்டை எறிந்துவிட்டு ஓடிவந்தான் என்று நான் எழுதமாட்டேன், அப்படி நடக்கவில்லை. முதலில் வாசல் வரை. அப்புறம் தெருமுனைக் கடை வரை. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடியும் காலேஜுக்குப் போனான். இப்போதும் கண்ணாடி சில நாட்களில் கூப்பிடுகிறதாம். "கூப்பிட்டுட்டுப் போகட்டும் ஐயா" என்கிறான். வீடு அடமானம் போகவில்லை. தாய்க்கு மகன் இருக்கிறான். அல்லேலூயா!

ஆண்டவர் செய்த மூன்று காரியங்கள்

பெத்சாயிதாவில் ஆண்டவர் என்ன செய்தாரோ, அதையே நாம் செய்ய வேண்டும்.

1. கையைப் பிடித்தார். கூட்டத்தின் நடுவே வைத்து அவனை வேடிக்கையாக்கவில்லை. ஊருக்கு வெளியே தனியே கூட்டிக்கொண்டு போனார். உங்கள் பிள்ளையின் இந்தப் பாட்டைச் சாட்சி நேரத்தில் மைக்கில் சொல்லாதிருங்கள். 'இவ்வளவு பெருமையா உனக்கு?' என்று அதட்டாதிருங்கள். பெருமைக்காரன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மகிழுவான். உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலை வரை பழுதில்லாதவன் என்று பேர்பெற்று, தன் தலைமயிரை நிறுத்துப் பார்த்த அப்சலோம் மாதிரி. இந்தப் பிள்ளையோ கண்ணாடியில் தன்னைத் தானே நியாயந்தீர்த்துத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

2. என்ன தெரிகிறது என்று கேட்டார். எல்லாம் அறிந்த தேவகுமாரன் கேட்டார்! அவன் உள்ளதைச் சொன்னான். 'விசுவாசத்தினாலே தெளிவாய்த் தெரிகிறது' என்று பொய்ச் சாட்சி சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டாம் தொடுதல் கிடைத்திருக்குமா? ஆகையால் பிள்ளைகளைக் கேளுங்கள். சாகிற நினைவு உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதினால் அந்த நினைவு புதிதாய் வந்துவிடாது என்று மனநல மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இந்த வியாதியை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? பாடுபடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஒரு தரமாவது தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள். ஆகையால் இது விளையாட்டல்ல பிரியமானவர்களே, உயிர் காரியம்.

3. மறுபடியும் தொட்டார். முதல் தரம் முழுசாய் ஆகவில்லை என்று அவனை அனுப்பிவிடவில்லை. இந்த வியாதிக்கு மருந்து உண்டு. பிரிட்டனில் 2005-ல் மருத்துவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாய்த் திருத்துகிற மனப்பயிற்சி. மறைக்காமல் வெளியே போகப் பழக்குகிறார்கள். கண்ணாடியை மணிக்கணக்காய்ப் பார்ப்பதை நிறுத்தவும், பார்த்தால் ஒரு துணுக்கை அல்ல, முழு உருவத்தையும் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். இன்னொன்று மாத்திரை. ஒரு வாரத்தில் பலன் தெரியாது, மூன்று மாதம் வரை ஆகலாம். பொறுமை வேண்டும். இரண்டாம் தொடுதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சபைக்கு ஒரு வார்த்தை

மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்தை அரைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி என்று சொல்லுங்கள். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா வைத்தியர் என்று சொல்லுங்கள். ஜெபிப்போம், உபவாசிப்போம், ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்போம். எல்லா வியாதிக்குப் பின்னாலும் பிசாசைத் தேடி, நடுங்குகிற பிள்ளையின் தலைமேல் சத்தம் போடாதிருப்போம். மருத்துவரைக் கேட்காமல் ஒருவருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதிருப்போம்.

பெற்றோரே, 'நல்லாத்தான் இருக்கே' என்று ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லாதிருங்கள். தாகத்துக்கு உப்புத்தண்ணீர் கொடுக்கிற மாதிரி அது. குடிக்கக் குடிக்கத் தாகம் அதிகமாகும். 'அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லமாட்டேன், ஆனால் உன் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுவதற்கு முன்னே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் பட்டப்பெயர் வைக்கிறவர்களே! கருவாயன், சப்பை மூக்கி, பல்லன் என்று செல்லமாய்க் கூப்பிடுகிறோம் என்கிறீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் நிறத்தைப் பேசுகிறீர்கள். ஞாயிறு காலையில் சகோதரரே என்று கைகொடுத்துவிட்டு, மத்தியானம் வரன் தேடும்போது சிவப்பாய் இருக்கவேண்டும் என்று கேட்கிற விசுவாசிகளும் நமக்குள் இல்லையா? ஒரு சொல் ஒரு பிள்ளையின் பார்வையில் எத்தனை வருஷம் தங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சாமுவேல்கூட எலியாபின் உயரத்தைப் பார்த்துத் தைலக்கொம்பை எடுக்கப் போனவர்தான். கர்த்தர் அவரைத் தடுத்தார். நம்மையும் தடுப்பாராக.

கண்ணாடி முன் நிற்கிற தேவபிள்ளையே!

கடைசியாய் உனக்கு. இந்தப் பக்கத்தை ஒளித்து வைத்துப் படிக்கிற தம்பி, தங்கச்சி, உன்னை நான் கேலி செய்யமாட்டேன். உனக்குத் தெரிகிறது உனக்கு மெய்யாகவே தெரிகிறது. ஆனால் தெரிகிறதெல்லாம் உள்ளபடி இருக்கிறதல்ல. அந்தப் பெத்சாயிதா மனுஷன் தன் கண்ணை நம்பாமல், கண்ணைத் தொட்டவரை நம்பினான். உனக்கு முகம் மாறவேண்டாம், பார்வைக்குச் சுகம் வேண்டும். அது கிடைக்கிற காரியம்.

ஏசாயா 53-ம் அதிகாரம் இரண்டாம் வசனத்தை வாசித்துப் பார். வரப்போகிற நம் இரட்சகரைக் குறித்து, பார்த்தவுடனே விரும்பத்தக்க ரூபம் அவருக்கு இல்லை என்று தீர்க்கதரிசி எழுதியிருக்கிறார். ஜனங்கள் முகத்தை மறைத்துக்கொள்ளத்தக்கவராய் அவர் எண்ணப்பட்டார். முகத்தை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற உன் நிலைமை அவருக்குத் தெரியாததல்ல.

இன்றைக்கு ஒரு காரியம் செய். ஒரே ஒருவரிடத்தில் சொல். அம்மாவோ, டீச்சரோ, உங்கள் பாஸ்டரோ, யாராவது ஒருவர். எத்தனை மணி நேரம் இது உன்னைப் பிடித்து வைக்கிறது என்று உள்ளதைச் சொல். சாகிற நினைவு வந்தால் விடியும்வரை காத்திருக்காதே. 14416 என்கிற அரசாங்கத்தின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணு. இரவும் பகலும் பேசுகிறார்கள், தமிழிலும் பேசுகிறார்கள், காசு கேட்பதில்லை.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, கண்ணாடிக்கு முன்னே கலங்கி நிற்கிற ஒவ்வொரு பிள்ளையையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் கையைப் பிடித்து நடத்தும். அவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற மருத்துவர்களுக்கு ஞானம் தாரும். எங்கள் வாயைக் காத்துக்கொள்ளும். ஒரு தரம் தொட்டும் தெளியாத கண்களை மறுபடியும் தொடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் வீட்டு வாலிபப் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. உங்கள் ஜெபத்தில் இப்படிப் பாடுபடுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்.